தண்ணீர் அசைந்த பக்கம்

அவருக்குப் பட்டாம்பூச்சி என்று பெயர் வைத்தது யார் என்று இப்போது ஒருவருக்கும் நினைவில்லை. பெயரை மட்டும் கேள்விப்பட்டு முதல்முறை வருகிறவர்கள் படியேறி வந்து, அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "பட்டாம்பூச்சி சார் இல்லையா?" என்று அவரிடமே கேட்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அகலமான தோள், அதற்குச் சளைக்காத தொப்பை, உதட்டை முழுசாக மறைக்கும் மீசை. உட்கார்ந்தால் நாற்காலி முனகும். "நான்தான், உக்காருங்க" என்று அவர் சொல்லும்போது, எதிர் மேசையில் அவர் மனைவி கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் குனிந்து சிரித்துக்கொண்டிருப்பாள். இத்தனை வருஷமாகியும் அந்தச் சிரிப்பு அவளுக்கு அலுக்கவில்லை.

பெயர் வந்த கதை பெரிய கதை ஒன்றுமில்லை. இணையதளம் என்றால் என்னவென்று ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாத காலம். அவர் ஓர் அச்சகத்தில் இருந்தார். விசிட்டிங் கார்டு, மாதக் காலண்டர், மருந்துக்கடை ரசீது என்று எல்லாவற்றுக்கும் எழுத்தையும் படத்தையும் அமைத்துக் கொடுப்பது வேலை. அச்சக முதலாளி ஒருநாள் எங்கேயோ போய்விட்டு வந்து, "நம்ம கடையையும் அந்த இன்டர்நெட்ல போட்டுடுப்பா" என்றார், ஏதோ வாசலில் போர்டு மாட்டச் சொல்வதுபோல. இவரும் போட்டார். போட்டுவிட்டுப் பார்த்தால் பக்கம் செத்துக் கிடப்பதுபோல இருந்தது. வாழ்நாளெல்லாம் காகிதத்தில் அசையாத படங்களோடு மல்லுக்கட்டிய மனுஷன். இங்கே அசைக்கலாம் என்று தெரிந்த பிறகு சும்மா விடுவாரா? ஒரு பட்டாம்பூச்சியை வரைந்து பறக்கவிட்டார். மவுஸை எங்கே நகர்த்தினாலும் அது பின்னாலேயே வரும். கையை நிறுத்தினால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இறக்கையை மெல்ல மூடித் திறக்கும்.

அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் வந்து வாயைப் பிளந்து பார்த்தார்கள். எதிர்ச்சாரித் தையற்காரர் சாப்பாட்டு வேளையில் தவறாமல் வந்து, "கொஞ்சம் அந்தப் பூச்சியை விடுங்க" என்று கேட்டுத் தானே மவுஸைப் பிடித்து விளையாடிவிட்டுப் போவார். முதலாளிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அந்தப் பக்கத்தைப் பார்த்து யாராவது அச்சடிக்க வந்தார்களா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டவள் ஒருத்திதான். கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுவதற்கென்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். அவள் தன் அண்ணன் வீட்டில், டெலிபோன் கம்பி வழியாக முக்கி முனகி வரும் இணையத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறாள். மறுநாள் வந்து எல்லார் முன்னாலும் சொன்னாள்: "உங்க பட்டாம்பூச்சி வர்றதுக்குள்ள நான் குளிச்சிட்டே வந்துட்டேன். அப்பவும் அது பாதி இறக்கையோடதான் நின்னுச்சு."

அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "குளிச்சிட்டு வந்து மறுபடி பாத்தீங்கல்ல? வெறும் போன் நம்பர் மட்டும் போட்டிருந்தா திரும்பி வந்து பாத்திருப்பீங்களா?" என்றார்.

அவளுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "அந்தப் பதிலைத் தேடித் தேடித்தான் என் தங்கச்சி அவரைக் கட்டிக்கிட்டா" என்று அவள் அண்ணன் பிற்பாடு போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு இருவருமாக ஒரு சைக்கிள் கடைக்கு மேலே அறை பிடித்தார்கள். ஏறும்போது அதிர்கிற மரப்படி. எதிரெதிராக இரண்டு மேசை. நடுவில் இரண்டு திரைகளும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டுமானால் பக்கவாட்டில் சாய வேண்டும். பாதிச் சண்டை தலையைச் சாய்க்காமலே நடக்கும். அவர் வரைந்து அசைப்பார். அவள் அதை ஓடவைக்கும் நிரலை எழுதுவாள். அவர் ஓடவிட்டதையெல்லாம் அவள் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்பதால், வாடிக்கையாளர்கள் அவளுக்கு பிரேக் என்று பெயர் வைத்தார்கள். அவள் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டாள். "பிரேக் இல்லாத வண்டி எங்க போய் நிக்கும்னு கீழ கடையில கேளுங்க" என்பாள்.

அந்தக் காலத்துப் பக்கங்களை இன்றைக்கு நினைத்தால் சிரிப்பும் வருகிறது, ஏக்கமும் வருகிறது. மேசை நாற்காலிக் கடையின் பக்கத்தைத் திறந்தால் முதலில் ஒரு கதவு கிறீச்சென்று திறக்கும். உள்ளே விளக்கு ஒவ்வொன்றாக எரியும். பிறகுதான் கடையின் பெயர் வரும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கு ஒரு குட்டிக் கார். நீங்கள் அதை ஓட்டிக்கொண்டு போய்த்தான் பாட நேரம் எழுதிய பலகையின் முன்னால் நிறுத்த வேண்டும். நேராக நிறுத்தாவிட்டால் ஹாரன் அடித்துத் திட்டும். பக்கம் செய்து முடித்ததும் முதலாளிமார் குடும்பத்தோடு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். முடிந்ததும் கைதட்டுவார்கள். ஒரு இணையதளத்துக்குக் கைதட்டின காலம் அது. இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்?

கைதட்டின அதே ஆட்கள் அடுத்த மாதம் போன் செய்வார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். "சார், கதவு ரொம்ப நல்லாயிருக்கு. ஆனா ஒரு விலையைப் பாக்கணும்னாலும் அது திறக்கற வரைக்கும் காத்துட்டு இருக்க வேண்டியிருக்கு." அவர் முகம் சுருங்கிப்போகும். அவள் மட்டும் சாய்ந்து எட்டிப்பார்த்து, "முதல் தடவை வர்றவனுக்குக் கதவு. தினமும் வர்றவனுக்கு அது முட்டுக்கட்டை" என்பாள்.

அவள் சொன்னதெல்லாம் வேதம், அவர் சொன்னதெல்லாம் விளையாட்டு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒருமுறை பல் மருத்துவர் ஒருவருக்கு அவள் தன் இஷ்டப்படியே பக்கம் செய்தாள். வெள்ளைத் தாள்போல ஒரு பக்கம். பெயரும் நேரமும் எழுதி, பொத்தானை அமுக்கினால் பதிவு முடிந்தது. ஆனால் அமுக்கினால் பொத்தான் அமுங்குவதுமில்லை, நிறம் மாறுவதுமில்லை. சத்தமில்லாமல் உள்ளே போய்ப் பதிந்துகொள்ளும். பதிவானதா இல்லையா என்று தெரியாமல் பல்வலிக்காரர்கள் வலியோடு வலியாக அமுக்கு அமுக்கென்று அமுக்கித் தள்ளினார்கள். ஒவ்வொரு அமுக்குக்கும் அடுத்தடுத்த நேரம் பதிவாகி, ஒரே ஆள் அன்றைக்குக் காலை நேரம் முழுவதையும் தன் பெயரில் பிடித்துவிட்டார். மருத்துவர் மற்ற யாருமே வரவில்லையே என்று கைகட்டி உட்கார்ந்திருந்தார். பட்டாம்பூச்சி அதைச் சொல்லிச் சொல்லி அவளை ஒரு வாரம் வெளுத்து வாங்கினார். "அசைவுங்கிறது அலங்காரம் மட்டும் இல்லம்மா. நீ சொன்னது காதுல விழுந்துச்சுன்னு தலையாட்டறோம் பாரு, அந்த மாதிரி." அதற்கப்புறம் அவளுடைய பொத்தான்கள் எல்லாம் தலையாட்டக் கற்றுக்கொண்டன.

அவர்கள் செய்ததிலேயே பேர்போனது ஊர் நீச்சல் குளத்தின் பக்கம்தான். திறந்தால் திரை முழுக்கத் தண்ணீர். மவுஸை வைத்தால் அந்த இடத்தில் வட்டம் வட்டமாக அலை விரியும். நேரம், பயிற்சி, விதிமுறை எல்லாம் ஆளுக்கொரு ரப்பர் மிதவையில் எழுதியிருக்கும். மிதவைகள் தண்ணீரில் மிதந்துகொண்டே இருக்கும். கிட்டே போனால் நீங்கள் கிளப்பிய அலையிலேயே அது தள்ளிக்கொண்டு போகும். எட்டிப் பிடிக்க வேண்டும். கம்ப்யூட்டர் சென்டர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குளத்துக்குப் போவதற்காக அல்ல, அந்தத் தண்ணீரைக் கலக்குவதற்காகவே திறந்து வைத்திருப்பார்கள். குளத்து மேலாளரம்மா அப்போது புதிதாக வேலைக்கு வந்தவர். "உங்க தண்ணியைப் பாத்துட்டுத்தான் எங்க தண்ணிக்கு ஆள் வருது" என்று அவர் சொன்னதைப் பட்டாம்பூச்சி கொஞ்ச காலம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது. அந்தச் சின்னத் திரைகளுக்கு அவருடைய கதவும் காரும் தண்ணீரும் ஒத்துவரவில்லை. அவற்றை ஓடவைத்த மென்பொருளையே ஒருநாள் மூடிவிட்டார்கள். குளத்தின் பக்கத்தைத் திறந்தால் தண்ணீர் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி மட்டும் நின்றது. அவர் அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் ஊர் உலகமெல்லாம் வெள்ளைப் பக்கமாகிவிட்டது. மேலே ஒரு பெரிய படம், கீழே சதுரம் சதுரமாக எழுத்து. மருத்துவமனையா, செருப்புக்கடையா என்று பெயரைப் படித்தால்தான் தெரியும். இதற்குப் பெயர் எளிமையாம்! சமையல் தெரியாதவன் பத்தியச் சாப்பாடு என்று சொல்லிப் பரிமாறின மாதிரி.

பழைய பக்கங்கள் ஓடுகிற பழைய கம்ப்யூட்டர் ஒன்றை மட்டும் அவர் தூக்கிப்போடவில்லை. மேசைக்கு அடியில் துணி மூடிக் கிடந்தது. அவள் இருமுறை பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டாள். இருமுறையும் அவர் அந்த ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

கை நடுங்க ஆரம்பித்தது எப்போது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. முதலில் சாசரில் வைத்த டீக் கோப்பை கிலுகிலுவென்று சத்தம் போட்டது. அவர் சாசரை விட்டுவிட்டுப் பெரிய குவளைக்கு மாறினார். அப்புறம் சட்டைப் பொத்தான் தகராறு செய்தது. அப்புறம்தான் மவுஸ். திரையில் ஒரு சின்னப் பொத்தானுக்கு நேராக அம்பைக் கொண்டுபோனால், அமுக்குகிற நேரத்தில் அம்பு பக்கத்தில் போய் நின்றது. அசைவையே பிழைப்பாகக் கொண்ட மனுஷனுக்கு, தான் கேட்காமலே ஒன்று அசைகிறது என்றால் பொறுக்குமா? கண்ணாடிக் கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு டாக்டரிடம் போனார். உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லை என்றார் டாக்டர். ஆனால் குறையவும் குறையாது. வயசு ஏற ஏற மெல்லக் கூடலாம். மாத்திரை கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். வெளியே வந்த பிறகுதான் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியாது என்பது நினைவுக்கு வந்தது. தேவையே இல்லாத ஒரு மூக்குக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு போனார்.

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நாளே அவள் அவரை மவுஸ் பக்கம் விடமாட்டாள் என்று நினைத்தார். வரைகிற வேலையை அவரிடமிருந்து எடுத்துவிட்டால் அந்த அறையில் அவருக்கு என்ன வேலை? எதிர் மேசையில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்ற கணக்குக்கு உட்கார்ந்திருப்பதா? ஒரு ரப்பர் பந்து வாங்கிக் குளியலறையில் ஒளித்துவைத்து, காலையும் மாலையும் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அமுக்கினார். டாக்டர் கிடக்கிறார்.

ஆச்சரியம் என்னவென்றால், பந்து வேலை செய்தது. ஒரு பக்கம் முடிந்ததும் கடைசியாக அதை எல்லா இடத்திலும் அமுக்கிப் பார்ப்பது எப்போதும் அவர் பொறுப்பு. அவள் எழுந்து நின்று, "வந்து உக்காருங்க" என்பாள். அவர் அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானாக அமுக்குவார். முன்பு தப்பித் தப்பிப் போன அம்பு இப்போது நேராகப் போய் உட்கார்ந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் அல்ல. அதற்கடுத்துச் செய்த பூக்கடை, மொழிப் பயிற்சி நிலையம், கண்ணாடிக் கடையே கொடுத்த வேலை என்று எதிலும் ஒரு பிசகு இல்லை. போனில் எண் அமுக்கும்போது மட்டும் இன்னும் தடுமாறியது. அது போனின் கோளாறு என்று வைத்துக்கொண்டார். மனசுக்குள் ரப்பர் பந்துக்கு ஒரு கும்பிடு போட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் குளத்து மேலாளரம்மா மறுபடி படியேறி வந்தார். தலை நரைத்திருந்தது. குளத்துக்குப் புதுப் பக்கம் வேண்டும் என்றார். நீந்த வருகிறவர்கள் தங்கள் நேரத்தைத் தாங்களே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

"பழைய தண்ணி மாதிரி வேணுமா மேடம்?" என்று பட்டாம்பூச்சி நாற்காலி முனக முன்னால் சாய்ந்தார்.

"ஆசையாத்தான் இருக்கு சார். ஆனா இப்ப தினமும் வர்றவங்கள்ல பாதிப்பேர் வயசானவங்க. முதல் லேன்காரர்னு ஒருத்தர் இருக்கார், கயிறு கட்டிப் பிரிச்ச அந்த லேனை விட்டு வேற லேனுக்கு மாற மாட்டார். கண்ணுல ஆபரேஷன் பண்ணியிருக்கு. அவர் மிதவையைத் துரத்திட்டு இருந்தா குளம் மூடற நேரம் வந்துடும்."

மேலாளரம்மா போன பிறகு அந்த அறையில் நடந்த சண்டை கீழே சைக்கிள் கடை வரைக்கும் கேட்டது. அசைகிற படம் பழைய போனைச் சூடாக்கும், பேட்டரியைக் குடிக்கும், சிலருக்குத் தலைசுற்றும் என்றாள் அவள். அசையாத பக்கத்தை யார் ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறார்கள், தண்ணீருக்குப் பயப்படுகிற பிள்ளைகூட அந்த அலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் குளத்துக்கு வந்தது என்றார் அவர். "அவசரத்துல வர்றவனுக்கு வேடிக்கை எதுக்கு?" என்றாள். "எல்லாரும் எப்பவும் அவசரத்துலயா வர்றாங்க?" என்றார். கடைசியில் இரண்டு விதமாகவும் செய்து குளத்திலேயே வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அவளுடைய வெள்ளைப் பக்கத்தை அவள் சீக்கிரமே முடித்துவிட்டாள். அவருடைய தண்ணீரைப் புது முறையில் எழுதத்தான் நாள் பிடித்தது. பிடிக்காத வேலை என்று அவள் ஒரு இடத்திலும் கைவிடவில்லை. அலை அதே அலைதான், மிதவை அதே மிதவைதான். அவர் உட்கார்ந்து சோதித்தபோது மிதவைகள் ஒவ்வொன்றும் முதல் முயற்சியிலேயே கையில் சிக்கின. பழைய காலத்தில்கூட இவ்வளவு சுலபமாகப் பிடித்ததில்லையே என்று அவருக்கே பெருமையாக இருந்தது.

குளத்தில் வைத்துப் பார்க்கிற நாள் வந்தது. அவள் இரண்டு பக்கங்களையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விட்டாள். அவர் அறையில் தனியாக இருந்தார். ஜன்னல் வழியாக வெயில் மேசைமேல் விழுந்திருந்தது. கீழே யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். இருப்புக் கொள்ளாமல், மேசைக்கடியில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை இழுத்துத் துணியை எடுத்தார். தூசியில் தும்மினார். அது உறுமிக்கொண்டே வெகுநேரம் யோசித்துவிட்டு விழித்தது. பழைய குளத்தைத் திறந்தார்.

தண்ணீர் வந்தது. அந்த நீலத்தை இப்போது யாரும் போடுவதில்லை. கொஞ்சம் பகட்டான நீலம். அவர் மவுஸை நகர்த்தினார், அலை விரிந்தது. இதை முதலில் செய்தபோது அந்த அலையைச் சரிசெய்ய ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, அவள் ஒரு பக்கம் தட்ட, அவர் மறுபக்கம் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. அவளுக்கு அப்போது நீளமான பின்னல். தட்டித் தட்டி மேசையெல்லாம் தண்ணீராகி, இருவரும் வேலையை விட்டுவிட்டுச் சிரித்த மத்தியானம். அவர் கண் கலங்கிவிட்டது. கலங்கின கண்ணோடு 'நேரம்' என்று எழுதிய மிதவையைப் பிடிக்கப் போனார். அது நழுவிப் போயிற்று.

மறுபடி போனார். மறுபடி நழுவியது. பழைய மவுஸ் அல்லவா, வயிற்றில் உருண்டை வைத்த ஜாதி. கவிழ்த்து மூடியைத் திருகி, உருண்டையை எடுத்து, உள்ளே சக்கரங்களில் சுற்றியிருந்த அழுக்கை நகத்தால் சுரண்டினார். மாட்டிவிட்டுப் பார்த்தார். அம்பு இப்போது வழுக்கிக்கொண்டு ஓடியது. மிதவை மட்டும் சிக்கவில்லை. அருகில் போகும்போதெல்லாம் அம்பு நடுங்கியது, அந்த நடுக்கத்தில் ஒரு அலை கிளம்பியது, அந்த அலை மிதவையைத் தள்ளிக்கொண்டு போயிற்று. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். தான் பெற்று வளர்த்த மிதவைகள் தனக்கே தண்ணி காட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு எழுந்து போய் அவள் மேசையில் உட்கார்ந்து புதுக் குளத்தைத் திறந்தார். மிதவைக்கு நேராக அம்பைக் கொண்டுபோனார். கை நன்றாகவே நடுங்கியது. அதை அவர் இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தார். ஆனால் மிதவை ஓடவில்லை. அம்பு பக்கத்தில் வந்ததுமே அது அப்படியே நின்றது. அவர் வேண்டுமென்றே மிதவைக்கு வெளியே, வெறும் தண்ணீரில் அமுக்கினார். மிதவை திறந்துகொண்டது.

தொழில்காரருக்கு அதற்குமேல் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பொத்தான் கண்ணுக்குத் தெரிகிற அளவு வேறு, கையை ஏற்றுக்கொள்கிற அளவு வேறு. இரண்டாவதைப் பார்க்க வேண்டுமானால் பக்கத்தின் எலும்புக்கூடான நிரலைத் திறந்து, எல்லைகளுக்குச் சிவப்புக் கோடு போடும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். சொன்னார். ஒவ்வொரு மிதவையைச் சுற்றியும் ஒரு பெரிய சிவப்புப் பெட்டி எழுந்தது. பூக்கடையைத் திறந்தார், அங்கேயும் பெரிய பெட்டிகள். மொழிப் பயிற்சி நிலையம், அதேதான். பழைய வேலைகளைத் திறந்தார்; அங்கே பெட்டிகள் படத்தின் அளவுக்குக் கச்சிதமாக ஒட்டி இருந்தன. பெட்டிகள் பெரிதாகத் தொடங்கியது எங்கே என்று பார்த்தார். அவர் மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததற்கு அடுத்துச் செய்த வேலையில். பந்தும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவள் சொல்லாமல் பெரிதாக்கிவைத்த பெட்டிகளை வைத்தே தன் கையைச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மரப்படி அதிர்ந்தது. அவள் மூச்சு வாங்க உள்ளே வந்தாள். "ஜெயிச்சிட்டீங்க! தண்ணிதான் வேணுமாம். பசங்க விடவே இல்ல. முதல் லேன்காரர் ஈரக் கையோட வந்து, கண்ணாடிகூட போடாம ஒரே அமுக்குல தன் லேனைப் பிடிச்சிட்டார். எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டறார். நான் தோத்ததை நானே வந்து சொல்றேன், பாத்துக்கோங்க…" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் திரையில் இருந்த சிவப்புப் பெட்டிகளைப் பார்த்து நின்றாள்.

"எவ்வளவு நாளா தெரியும்?" என்றார் அவர்.

அவள் பையைக் கீழே வைத்தாள். "நீங்க சாசரை விட்ட அன்னிலேர்ந்து."

"கண்ணாடி?"

"கண்ணு நல்லாயிருக்கற ஆளு கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, அதுக்கு மேல எட்டிப் பாத்துப் படிச்சா எனக்குத் தெரியாதா?"

"பந்து?"

"குளிக்கற எடத்துல சோப்புக்குப் பின்னாடி பந்து இருந்தா, நான் என்ன குளிக்காமலா இருக்கேன்?"

வேறொரு நாளாக இருந்தால் அவர் சிரித்திருப்பார். "அப்போ இத்தனை நாளா என்னை ஏமாத்திட்டே இருந்திருக்கே. கை சரியாயிடுச்சுன்னு நான் பெருமையா உக்காந்து அமுக்கறதைப் பாத்து உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பே."

"சிரிப்பா?" அவள் குரல் உடைந்துவிட்டது. "நீங்க என் நாற்காலியில உக்காந்து மவுஸைத் தொட்டதும், பின்னாடி நான் மூச்சைப் பிடிச்சிட்டு நிப்பேன். இந்தத் தடவை போதுமா, இன்னும் கொஞ்சம் பெருசா போட்டிருக்கணுமோன்னு. அதுக்குப் பேரு சிரிப்பா?"

கீழே காற்றடிக்கிற சத்தம் நின்றிருந்தது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார்.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஜெயிச்சது நானில்ல. உன் பெட்டிதான்" என்றார்.

"பெட்டியை யார் பாத்தா? எல்லாரும் உங்க தண்ணியைத்தான் பாத்துட்டு நின்னாங்க." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அசையறது தப்புன்னு நான் என்னிக்குமே சொன்னதில்லங்க. ஆளைத் துரத்த விடக்கூடாது, அவ்வளவுதான். உங்களுக்குன்னு நெனச்சுத்தான் மொதல்ல ஆரம்பிச்சேன். இன்னிக்கு அந்தக் குளத்துல பாத்தா, எத்தனை பேருக்குக் கை நடுங்குது தெரியுமா? யாருமே வெளியில சொல்லல."

அவர் அவளுடைய நாற்காலியிலிருந்து எழுந்து, அவளை உட்காரச் சொன்னார். தன் நாற்காலியை எதிர்ப்பக்கத்திலிருந்து இழுத்து வந்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் இரண்டு நாற்காலியும் ஒரே பக்கம் இருந்ததில்லை. இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்த்தார்கள். தண்ணீர் சும்மா அசைந்துகொண்டிருந்தது.

"இந்தப் பெட்டி," என்று அவர் விரலால் காட்டினார். விரல் நடுங்கியது, அவர் அதை மறைக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் பெருசா வேணும்."

அவள் விசைப்பலகையை அருகில் இழுத்துக்கொண்டாள். "எவ்வளவு?" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"அடுத்த வருஷத்துக்கும் சேத்துப் போடு," என்றார்.